வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர்

வாடகை வீட்டுக் கூடத்தில் சுற்றும் சீலிங் ஃபேனை வாங்கி மாட்டியவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். அது சுற்றுவதற்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். கடையில் நிற்கும்போது வீட்டுக்காரர் விலையைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், கம்பெனிப் பெயரைப் பார்ப்பார். எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்க அவருக்குக் காரணமே இல்லை. கேட்டிருக்க வேண்டியவரோ அந்த நேரத்தில் கடையில் இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் கார்பன் உமிழ்வைக் குறைக்கவும் அரசுகள் போட்ட சட்டங்களையும் நடத்திய திட்டங்களையும் இந்த ஒரு விரிசலை வைத்தே எடைபோடலாம் என்று நான் நம்புகிறேன். இயந்திரத்தை வாங்குகிற கையும் மின்கட்டணம் கட்டுகிற கையும் ஒன்றாக இருக்கிற இடத்தில் சிக்கனம் கொஞ்சமாவது தானாக நடக்கிறது. இரண்டும் வேறு வேறு கைகளாக இருந்தால் எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தினாலும் மீட்டர் குறைவதில்லை.

முதலில் அந்த ஃபேனைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். வழக்கமான 48 அங்குல சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 75 வாட் வரை எடுக்கும். அதன் நடுக்குடத்துக்குள் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அசையாமல் இருக்கும் செம்புச் சுருள்களில் மின்சாரம் பாயும்போது சுழலும் காந்தப்புலம் ஒன்று உருவாகிறது. அந்தப் புலம் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியக் கூண்டில் மின்னோட்டத்தைத் தூண்டி, கூண்டையும் அதோடு சேர்ந்த இறக்கைகளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. கூண்டு காந்தப்புலத்தின் வேகத்தை எட்டிவிடக் கூடாது. எட்டிவிட்டால் தூண்டலே நின்றுபோகும். ஆகவே கூண்டு எப்போதும் பின்தங்கியேதான் சுற்ற வேண்டும். எவ்வளவு பின்தங்குகிறதோ அவ்வளவுக்கு ஆற்றல் கூண்டிலேயே வெப்பமாகிறது. மெதுவாகச் சுற்றும்படி கட்டப்பட்ட சீலிங் ஃபேன் மோட்டாரில் இந்த இழப்பு அதிகம். அதோடு செம்புச் சுருளின் சூடு வேறு. இரவெல்லாம் ஓடிய ஃபேனைக் காலையில் நிறுத்திவிட்டு நடுக்குடத்தைத் தொட்டால் தெரியும்: நாம் கட்டிய காசில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளாமல் நேராக அந்தச் சூட்டுக்குப் போயிருக்கிறது.

பி.எல்.டி.சி. என்று கடைகளில் சொல்லப்படும் ஃபேனில் அலுமினியக் கூண்டு கிடையாது. அந்த இடத்தில் நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. காந்தம் தயாராக இருப்பதால் எதையும் தூண்ட வேண்டியதில்லை, பின்தங்க வேண்டியதும் இல்லை. எந்தக் கணத்தில் எந்தச் சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும் என்பதைச் சின்னதொரு மின்னணுப் பலகை பார்த்துக்கொள்கிறது. அதே அளவு காற்றுக்கு இது எடுப்பது 28 முதல் 35 வாட். வேகத்தைக் குறைத்தால் மின்சாரமும் சரசரவென்று இறங்கும். பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தபோது மிச்சமானதில் ஒரு பகுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது.

ஒரு ஃபேனில் 45 வாட் மிச்சமானால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அந்த 45 வாட் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்ச்சர், இப் பள்ளத்தாக்குச் சுரங்கங்களில் வெட்டப்படுகிறது. ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து, அங்கே கொதிகலனில் எரிகிறது. எரியும் நிலக்கரியின் வெப்பம் 100 பங்கு என்றால் மின்சாரமாக மாறுவது ஏறத்தாழ 35 பங்கு. மீதி குளிர்விக்கும் தண்ணீரோடும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. இது பொறியாளர்களின் கவனக்குறைவு இல்லை. நீராவியை வைத்துச் சக்கரம் சுழற்றும் எந்த இயந்திரத்துக்கும் வெப்ப இயக்கவியல் விதித்திருக்கும் எல்லைக்கு உட்பட்டதுதான். அந்த 35-இலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கம்பிகளிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கரைந்துபோக, வீட்டு மீட்டரைத் தொடுவது 30 பங்குதான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம் விளங்கும். வீட்டில் ஒரு யூனிட் மிச்சமானால் கொதிகலனில் மூன்று யூனிட்டுக்கு மேலான வெப்பம் மிச்சம். அதை வெட்ட வேண்டாம், ஏற்ற வேண்டாம், எரிக்க வேண்டாம், அதன் சாம்பலை எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரத்தில் கொட்டவும் வேண்டாம். காற்றாலை, சூரிய மின்சாரம், நீர்மின்சாரம் எல்லாம் சேர்ந்த இன்றைய இந்திய மின்தொகுப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. தினம் 12 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் 162 யூனிட் குறையும். கார்பன் கணக்கில் அது 110 கிலோவுக்கு மேல். ஒரே ஒரு ஃபேனுக்கு!

காசுக் கணக்கும் மோசமில்லை. 2022 செப்டம்பரில் வந்த தமிழ்நாட்டு மின்கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதன்படி இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2,270 ரூபாய் பில். கோடையில் இரண்டு ஃபேன்களை மாற்றினால் இரு மாதத்துக்கு 65 யூனிட் வரை குறைந்து 475-இல் நிற்கும். பில் 1,575 ரூபாய். 65 யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 ரூபாய் குறைவது எப்படி என்றால், 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படியிலேயே விகிதம் மாறிவிடுகிறது. "ஐந்நூறு தாண்டிருச்சு" என்று ரீடிங் எடுப்பவர் சொன்னதும் வீட்டில் எழும் பதற்றம் தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இத்தனை ஆண்டுகளில் இங்கே ஏசியை நிறுத்தவைத்த கொள்கைகளில் அந்த 500 யூனிட் கோட்டுக்கு இணையாக வேறெதையும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அது நிறுத்தவைக்கிறது, அவ்வளவுதான். நல்ல இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழியை அரசுகளுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட். என்ரிகோ ஃபெர்மியிடம் படித்த துகள் இயற்பியலாளர். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு தன் துறையை விட்டுவிட்டு, கட்டடங்களும் வீட்டுச் சாமான்களும் ஏன் இவ்வளவு ஆற்றலை விழுங்குகின்றன என்று ஆராயத் தொடங்கினார். புதிய மின்நிலையங்கள் கட்டுவதா, மக்களை விளக்கணைக்கச் சொல்வதா என்று கலிஃபோர்னியாவில் விவாதம் நடந்த காலம் அது. அவரும் அவரோடு நின்றவர்களும் வேறு பக்கம் கைகாட்டினார்கள். கடையில் விற்கும் குளிர்சாதனப் பெட்டி இத்தனை யூனிட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று தயாரிப்பாளருக்கு விதி போடுங்கள் என்றார்கள். 1970களின் நடுவில் சராசரி அமெரிக்கக் குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கு 1,800 யூனிட் அளவுக்கு எடுத்தது. முதலில் கலிஃபோர்னியாவும் பிறகு அமெரிக்க மத்திய அரசும் தரநிலையைப் படிப்படியாக இறுக்க, 2001-ஆம் ஆண்டுத் தரநிலைக்குப் பிறகு வந்த பெட்டிகள் 500 யூனிட்டுக்கும் கீழே இறங்கிவிட்டன. பெட்டி சின்னதாகவும் இல்லை, விலை ஏறவும் இல்லை. வாங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தெரியாமலே பலன் கிடைத்தது என்பதுதான் அந்தக் கொள்கையின் அழகு.

இந்தியாவில் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. அதன்கீழ் 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கியது. 2006-இல் நட்சத்திர முத்திரை வந்தது. 2010-இல் ஏசி, உறைபனி படியாத குளிர்சாதனப் பெட்டி, டியூப்லைட், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றுக்கு அது கட்டாயமானது. இந்த முத்திரையில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. நட்சத்திரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2018-இல் ஐந்து நட்சத்திரம் வாங்க ஸ்ப்ளிட் ஏசியின் திறன் எண் 4.5 இருந்தால் போதும். 2022 ஜூலையில் அது 5.0 ஆனது. நேற்று ஐந்து நட்சத்திரத்தோடு பளபளத்த மாடல் மறுநாள் நான்குக்கு இறங்கியது. அடிமட்டத்தில் இருந்தவை கடையைவிட்டே போக வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் மூச்சுவிட நேரமில்லாமல் ஓட வேண்டிய ஏற்பாடு இது. முத்திரையின் உண்மையான வேலை வாங்குபவருக்குத் தகவல் சொல்வதைவிட, விற்பவரைத் துரத்துவதுதான்.

அந்தத் திறன் எண்ணில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. வெளியே 24 முதல் 43 டிகிரி வரை வெப்பம் மாறும் நாட்களில் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஏசி ஓடுவதாக வைத்து நாடு முழுவதுக்கும் ஒரே கணக்குப் போடுகிறார்கள். டெல்லியின் கோடை வேறு. சென்னையின், நாகப்பட்டினத்தின், தூத்துக்குடியின் புழுக்கம் வேறு. கடற்கரை ஊரில் ஏசி தன் உழைப்பில் பெரும்பங்கை காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கச் செலவிடுகிறது. இங்கே ஒரு மாடல் எப்படி உழைக்கும் என்பதை அந்த ஒற்றை எண் சொல்வதில்லை. 2020 ஜனவரி முதல் எல்லா ஏசியும் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று வந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பணியகத்தின் கணக்கு. ரிமோட்டில் யாரும் யாரையும் தடுக்கவில்லை, 18 வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொடக்கப்புள்ளியை விட்டு நகராதவர்கள் நிறையப் பேர்.

இத்தனைக்கும் நடுவில் ஃபேன் மட்டும் தப்பித்துக்கொண்டே இருந்தது. விருப்பமிருந்தால் முத்திரை ஒட்டிக்கொள்ளலாம் என்ற நிலையிலேயே பல ஆண்டுகள் ஓடின. விருப்பப்பட்டவர்கள் மிகச் சிலர். சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரம் கட்டாயமானது 2023 ஜனவரியில்தான். ஏசி இல்லாத வீடுகள் கோடிக்கணக்கில் உள்ள நாட்டில், ஏழை வீட்டிலும் சுற்றுகிற ஒரே இயந்திரத்துக்கு ஏசிக்குப் பிறகு 13 ஆண்டுகள் கழித்துத்தான் விதி வந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இந்த இடைவெளியில் விற்ற 75 வாட் ஃபேன்கள் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

முத்திரையைவிட வேகமாக வேலை செய்த ஒன்று உண்டு. அது தொடங்கிய இடம் புதுச்சேரி.

குண்டு பல்பு எப்படி ஒளிர்கிறது என்று யோசித்தால், அதை விளக்கு என்பதைவிட அடுப்பு என்பதே பொருத்தம். டங்ஸ்டன் இழையை ஏறத்தாழ 2,700 கெல்வினுக்குச் சூடாக்குகிறோம். அந்தச் சூட்டில் வெளிவரும் கதிர்வீச்சில் மிகப் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நூறில் ஐந்துக்கும் குறைவான பங்கே ஒளி. எல்.இ.டி. எதையும் பழுக்கக் காய்ச்சுவதில்லை. குறைகடத்தியில் எலக்ட்ரான் ஓர் ஆற்றல் மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு விழும்போது அந்த இடைவெளிக்கேற்ற நிறத்தில் ஒளி பிறக்கிறது. நீல ஒளி எல்.இ.டி. கைகூடிய பிறகு, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை வெளிச்சம் எடுக்க முடிந்தது. அந்த நீல ஒளிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதே 2014-இல் புதுச்சேரி வீடுகளில் 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு 7 வாட் எல்.இ.டி. பல்பு கொடுத்தார்கள்.

அந்தத் திட்டத்தை நடத்திய ஈ.ஈ.எஸ்.எல்., பொதுத்துறை மின் நிறுவனங்கள் 2009-இல் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம். 2014 ஜனவரியில் அது ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. கடை விலை அதைவிட அதிகம். அந்த விலைக்கு எந்தக் குடும்பமும் பல்பு வாங்காது. வாங்க ஆளில்லாததால் தயாரிப்பு சிறிய அளவில்தான் நடந்தது. சிறிய அளவில் தயாரித்ததால் விலையும் இறங்கவில்லை. நிறுவனம் இந்தச் சுழலை ஒரே இடத்தில் உடைத்தது: ஒவ்வொரு டெண்டரிலும் லட்சங்களாகவும் பிறகு கோடிகளாகவும் ஆர்டர் வைத்தது. மூன்றாண்டுகளுக்குள் கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2015 ஜனவரியில் உஜாலா என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவிய அந்தத் திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் போய்ச் சேர்ந்தன. மளிகைக்கடையில் இன்று குண்டு பல்பைத் தேடினாலும் கிடைப்பது அரிது. பல்புக்கு அரசு பெரிய மானியம் எதுவும் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மொத்தமாக வாங்குகிறேன், இந்தத் தரத்தில் வேண்டும் என்ற இரண்டு வாக்கியங்கள்தான் அதன் பலம்.

அதற்கு முன் 2009-இல் சி.எஃப்.எல். பல்புக்காக வந்த பச்சத் லேம்ப் யோஜனா இதே ஆசையோடு தொடங்கியதுதான். 15 ரூபாய்க்குப் பல்பு தருவார்கள். மீதி விலையை வளர்ந்த நாடுகளுக்குக் கார்பன் சான்று விற்று எடுத்துக்கொள்வார்கள். உலகச் சந்தையில் கார்பன் சான்றின் விலை விழுந்தபோது திட்டமும் படுத்துவிட்டது. எங்கோ தொலைவில் ஏறி இறங்கும் சந்தையை நம்பிய பல்பு அணைந்தது, ஆர்டரை நம்பியது எரிந்தது. கார்பன் சந்தைகளைப் பற்றி இன்று பெரிதாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பல்புகளும் நினைவுக்கு வரும்.

இனி வயலுக்குப் போவோம். வாங்குகிற கைக்கும் கட்டுகிற கைக்கும் இடையே உள்ள தூரம் அதிகபட்சமாக இருப்பது அங்கேதான். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டாரை வாங்குபவர் விவசாயி. மின்சாரத்துக்கான காசை மானியமாகக் கட்டுவது மாநில அரசு. இதில் விவசாயியைக் குறை சொல்லும் பேச்சு நகரத்தில் நிறையக் கேட்கிறது. அவருடைய கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தால் அப்படிப் பேச முடியாது. மும்முனை மின்சாரம் வரும் சில மணி நேரத்துக்குள் வயல் நனைந்தாக வேண்டும். லைனின் கடைக்கோடியில் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும், காயில் புகைந்துபோகும். மோட்டாரைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு டவுனில் காயில் கட்டும் கடைக்கு ஓட வேண்டும். பயிர் காய்ந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் பழைய கம்பியை எடுக்க நெருப்பில் வாட்டுவார். வாட்டும்போது இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய காப்புப் பூச்சு கெடும். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, உள்ளே சுழல் மின்னோட்டம் அதிகமாகி அடுத்தமுறை மோட்டார் இன்னும் சூடாக ஓடும். ஒவ்வொரு தடவை காயில் கட்டும்போதும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. இத்தனை அனுபவப்பட்டவர் அடுத்த மோட்டார் வாங்கும்போது 5 எச்.பி. போதுமான கிணற்றுக்கு ஏழரை எச்.பி. வாங்குகிறார். அது பேராசை இல்லை, பயிருக்கான காப்பீடு.

நட்சத்திர முத்திரை பெற்ற பம்புகள் கோயம்புத்தூரிலேயே தயாராகின்றன. அவை கிணற்றடிக்கு வந்து சேராததற்குக் காரணம், கூடுதல் விலையைக் கொடுப்பவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது என்பதே. மிச்சமாவது அரசு கட்டும் மானியத்தில். அப்படியானால் அந்த விலை வித்தியாசத்தையும் அரசே கொடுப்பதுதான் நியாயம். கொடுத்த காசு சில ஆண்டுகளில் மானியக் கணக்கிலேயே திரும்பிவிடும். கூடவே லைனின் வோல்டேஜையும் சரிசெய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் நல்ல மோட்டாரைக் கொடுத்தால் அதுவும் ஒரே கோடையில் காயில் கட்டும் கடைக்குப் போய்ச் சேரும்.

இங்கே ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1865-லேயே இதைக் கவனித்திருந்தார். நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியபோது பிரிட்டனின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, எந்திரங்கள் பெருகி நிலக்கரிச் செலவும் கூடியது. கிணற்றடியில் இது இன்னும் கூர்மையானது. அதே மணி நேரத்தில் அதிகத் தண்ணீர் இறைக்கும் பம்பு, விலையில்லா மின்சாரத்தோடு சேர்ந்தால், நிலத்தடி நீர்மட்டத்தை இன்னும் வேகமாகக் கீழே தள்ளும். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் மின்சாரம் அதிகமாகும். மிச்சம் பிடித்ததைப் பள்ளம் விழுங்கிவிடும்.

பஞ்சாப் 2018-இல் சோதித்துப் பார்த்த வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. இலவச மின்சாரத்தைப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு விவசாயிக்கும் இத்தனை யூனிட் என்று ஒதுக்கிவிட்டு, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் போட்டார்கள். விருப்பமுள்ளவர்கள் சேரலாம். பில் கட்டாத கைக்கு, மிச்சம் பிடித்தால் வரவு என்ற கணக்கை உண்டாக்கிய ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புக்கு மீட்டர் என்றாலே இலவசத்தை நிறுத்தப் போகிறார்கள் என்ற அச்சம் இருக்கிறது. அது காரணமில்லாத அச்சமும் இல்லை. மீட்டர் வந்தால் காசு போகாது, காசு வரும் என்று ஒரு வட்டாரத்திலாவது நடத்திக் காட்டாமல் அந்த அச்சம் போகாது.

தொழிற்சாலைகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே வாங்குபவரும் கட்டுபவரும் ஒருவரே. சிமென்ட் ஆலை முதலாளிக்கு மின்சாரமும் நிலக்கரியும் நேரடிச் செலவு. அவர் ஏற்கெனவே கணக்குப் பார்ப்பவர். 2012-இல் தொடங்கிய பாட் திட்டம் சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், காகிதம், ஜவுளி, காரக் குளோரின், அனல்மின்சாரம் என்று எட்டுத் துறைகளின் 478 ஆலைகளுக்கு, ஒரு டன் பொருள் செய்ய இவ்வளவு ஆற்றல்தான் என்று இலக்கு வைத்தது. இலக்கைத் தாண்டிச் சேமித்தவர் சான்று பெறலாம், எட்டாதவர் அந்தச் சான்றை விலைக்கு வாங்க வேண்டும். மூன்றாண்டு முடிவில் மொத்த இலக்கு 67 லட்சம் டன் எண்ணெய்க்கு இணையான ஆற்றல். சேமித்ததோ 86 லட்சம் டன்னுக்கு மேல். கார்பன் டை ஆக்சைடு 3 கோடி டன்னுக்கு மேல் தவிர்க்கப்பட்டதாக அரசின் கணக்கு. கைதட்ட வேண்டிய செய்திதான். ஆனால் எல்லோரும் இவ்வளவு எளிதாகத் தாண்டினார்கள் என்றால் கோலைத் தாழ்வாக வைத்துவிட்டார்கள் என்றுதான் பொருள். 2017-இல் சான்றுச் சந்தை தொடங்கியபோது விற்க வந்தவை மலையாகக் குவிந்தன, வாங்க வேண்டியவர்கள் குறைவு. விலை சரிந்தது. கூடுதலாக முதலீடு போட்டுச் சேமித்த ஆலைக்குப் பெரிய பலன் இல்லை.

இப்போது அந்தச் சந்தையே கார்பன் சந்தையாக உருமாறுகிறது. 2022-இல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் சான்று வர்த்தகத் திட்டத்தை அறிவித்தார்கள். ஒரு சான்று என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. இதிலும் இலக்கு, ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்தில்தான். மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு கிடையாது. இந்தியா உலகத்துக்குக் கொடுத்த வாக்குறுதியும் அதே பாணியில்தான் இருக்கிறது: 2005-ஐ ஒப்பிட 2030-க்குள் உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வை 45 சதவீதம் குறைப்பது, 2070-இல் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவது. இன்னும் கான்கிரீட் கூரை கிடைக்காத குடும்பங்கள் உள்ள நாடு சிமென்ட் உற்பத்திக்கு உச்சவரம்பு போட முடியாது என்ற வாதம் நியாயமானது, அதை நான் ஏற்கிறேன். ஆனால் வளிமண்டலம் விகிதம் பார்ப்பதில்லை, மொத்தத்தைத்தான் பார்க்கிறது. அதனால் விகித இலக்கை வைக்கும் அரசுக்கு அதை இறுக்கமாக வைக்கும் கடமையும் கூடவே வருகிறது. முதல் சுற்றுப் பாட்-இல் வைத்த தாழ்ந்த கோலை இதிலும் வைத்தால், சான்றுகள் மறுபடியும் குவிந்து கிடக்கும்.

வீடுகளுக்கு வருவோம், வாடகைக்காரரின் துன்பம் மிகுந்திருப்பது அங்கேதான். மேல்தளத்தில் குடியிருப்பவருக்குத் தெரியும்: மே மாதம் இரவு பத்து மணிக்குக் கூரை தன் பகல் சூட்டைக் கீழே இறக்கத் தொடங்கும், ஃபேன் அந்தச் சூட்டையே அள்ளி முகத்தில் வீசும். பழைய சென்னை வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். அந்தக் கனத்த அடுக்கு மழைநீரைத் தடுத்ததோடு வெயிலையும் தாமதப்படுத்தியது. இன்று பல கட்டடங்களில் வெறும் கான்கிரீட் தளமே கூரை. 2018 டிசம்பரில் வந்த குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, சுவர் ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது, கூரைக்கும் தனி அளவு வைக்கிறது. நல்ல விதிதான். ஆனால் மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்து, பிளான் அப்ரூவல் தரும் உள்ளாட்சி அலுவலகம் அதைக் கேட்டால்தான் உயிர் வரும். கட்டுபவர் விற்றுவிட்டுப் போகிறார், அறுபது ஆண்டுகளுக்கு வெப்பத்தையும் பில்லையும் சுமப்பவர் வேறொருவர். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை ஐந்தாண்டுத் திட்டமாகவே அறிவித்தது. மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போடுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை, பெரிய செலவும் இல்லை.

எல்லாவற்றையும்விட அரசின் கையிலேயே நேராக இருக்கும் ஒன்றை விட்டுவிடக் கூடாது. பள்ளிகள், விடுதிகள், அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள் என்று மாநிலத்தில் அரசைவிடப் பெரிய வீட்டுக்காரர் யாரும் இல்லை. 2011-இல் தொடங்கி லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு விலையில்லா மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் வாங்கிக் கொடுத்த அரசு இது. மொத்தக் கொள்முதல் எப்படிச் செய்வது என்று அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அரசுக் கட்டடங்களில் குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர் என்ற வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஃபேன் வாங்கும் செலவு கட்டுமானத் தலைப்பில் போகும். மின்கட்டணம் பல ஆண்டுகளுக்கு வேறொரு தலைப்பில், வேறொரு அலுவலகத்தின் மேசையில் வந்து விழும். வாடகை வீட்டில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே உள்ள அதே விரிசல், ஒரே அரசின் இரண்டு கோப்புகளுக்கு நடுவிலும் ஓடுகிறது.

அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஃபேன் நிற்பதே இல்லை, 24 மணி நேரமும் சுற்றும். அங்கே ஒரு ஃபேனில் 45 வாட் குறைந்தால் ஆண்டுக்கு 394 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் 1,970 ரூபாய். சாதாரண ஃபேனுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் ஓராண்டுக்குள் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அது மருந்துக்கும் படுக்கைக்கும் செலவிடக்கூடிய பணம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், கார்பன் சந்தை வேண்டாம், மத்திய அரசின் அறிவிக்கையும் வேண்டாம். அடுத்த டெண்டரின் விவரக்குறிப்பில், ஐந்து நட்சத்திர ஃபேன், முழு வேகத்தில் 35 வாட்டுக்கு மிகாமல், என்று சேர்த்தால் போதும்.